நடந்தவர்கள் யார், பேசியவர்கள் யார்?

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நமது தோட்டத்து வாசிகசாலையில் ஒரு படம் காட்டினோம். சங்கத்தின் தோட்டக் கமிட்டியும் இளைஞர்களும் சேர்ந்து செய்த ஏற்பாடு. டவுனிலிருந்து மல்டிமீடியா ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்து, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, கோயில் ஸ்பீக்கரை இரவல் வாங்கினோம். மழை பெய்தும் நூறு பேருக்குக் கிட்ட வந்தார்கள். மேல் டிவிசனிலிருந்து டோர்ச் லைட்டுடன் இறங்கி வந்தவர்களும் உண்டு.

படம் 1990இல் வெளிவந்த 'த லோங் வோக் ஹோம்' என்ற ஆங்கிலப் படம். வீடு திரும்பும் நீண்ட நடை என்று பொருள். இடையிடையே நிறுத்தி, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வதுபோல் தமிழில் கதை சொன்னோம். படம் முடிந்த பின் நடந்த பேச்சு, படத்தைவிட நீண்டு போனது. அந்தப் பேச்சில் எழுந்த ஒரு கேள்விக்காகவே இதை எழுதுகிறோம். அது நமது சங்கத்தைப் பார்த்தும் கேட்கப்பட்ட கேள்வி.

முதலில் கதை. 1955ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தின் தலைநகரம் மொன்ட்கொமரி. ஒடெஸ்ஸா என்ற கறுப்பினப் பெண், மிரியம் என்ற வெள்ளைக்காரத் துரைசாணியின் வீட்டில் வேலை செய்கிறாள். சமைப்பது, துடைப்பது, பிள்ளையைப் பார்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அந்த நேரத்தில் ஊரிலுள்ள கறுப்பின மக்கள் இனி பஸ்ஸில் ஏறுவதில்லை என்று முடிவெடுக்கிறார்கள். ஒடெஸ்ஸாவும் ஏறவில்லை. காலையில் வேலைக்கு நடக்கிறாள், மாலையில் நடந்தே திரும்புகிறாள். கால் புண்ணாகிப் போகிறது. அவள் வேலைக்குப் பிந்தினால் துரைசாணிக்குக் கஷ்டம். அதனால் வாரத்தில் இரண்டு நாள் மிரியம் தன் காரில் அவளை ஏற்றி வருகிறாள். புருசனுக்குத் தெரிந்ததும் வீட்டில் சண்டை. கடைசியில் மிரியம் போராட்டக்காரர்களின் கார் சேவைக்கே வண்டி ஓட்ட வந்துவிடுகிறாள்.

ஒடெஸ்ஸாவும் மிரியமும் கற்பனைப் பாத்திரங்கள். பஸ் புறக்கணிப்பு உண்மையில் நடந்தது.

அந்த ஊர் பஸ்ஸில் முன்பக்கத்து 10 ஆசனங்கள் வெள்ளையருக்கு மட்டும். அவை வெறுமையாகக் கிடந்தாலும் கறுப்பினத்தவர் உட்காரக் கூடாது. நடுப்பகுதியில் உட்கார்ந்தாலும், வெள்ளையர் ஏறி இடம் இல்லாவிட்டால் எழுந்துவிட வேண்டும். முன்கதவால் ஏறிக் காசைக் கொடுத்துவிட்டு, மறுபடி இறங்கிப் பின்கதவால் ஏற வேண்டும். காசை வாங்கிக்கொண்டு, ஆள் பின்கதவுக்குப் போவதற்குள் பஸ்ஸை எடுத்துவிடும் சாரதிகளும் இருந்தார்கள். இத்தனைக்கும் பஸ்ஸில் போகிறவர்களில் நால்வரில் மூவர் கறுப்பினத்தவர். கம்பெனி ஓடியது அவர்களுடைய காசில்தான்.

1955 டிசம்பர் 1ஆம் திகதி ரோசா பார்க்ஸ் என்ற பெண் எழும்ப மறுத்தார். பொலிஸ் கைது செய்தது. டிசம்பர் 5ஆம் திகதி தொடங்கிய புறக்கணிப்பு 381 நாட்கள் நடந்தது. பஸ்களில் நிறப் பிரிவினை அரசியலமைப்புக்கு விரோதம் என்று உயர் நீதிமன்றம் முடிவு செய்து, 1956 டிசம்பர் 21ஆம் திகதி கறுப்பின மக்கள் விரும்பிய ஆசனத்தில் உட்கார்ந்து பயணம் செய்தார்கள்.

இவ்வளவையும் சொல்லி முடித்ததும் பேச்சு தொடங்கியது. முதல் அரை மணி நேரம் ஆண்கள்தான் பேசினார்கள். கூட்டு ஒப்பந்தம், நாட்சம்பளம், கம்பெனி, அரசியல்வாதிகள் என்று பேச்சு ஓடியது. வயதான ஐயா ஒருவர், "நல்ல துரைசாணி ஒருத்தி கெடச்சதால அந்தப் பொம்பளைக்கு நல்லது நடந்துச்சு, நமக்கும் அப்படி நல்ல தொரை வாய்க்கணும்" என்றார். சிலர் தலையாட்டினார்கள்.

அப்போது பின்னால் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா எழுந்தார். படத்தில் ஒரு விருந்துக் காட்சி வருகிறது. நத்தார் பண்டிகைக்கு வந்த உறவுக்காரர்கள் மேசையில் உட்கார்ந்து கறுப்பின மக்களை இழிவாகப் பேசுகிறார்கள். ஒடெஸ்ஸா அதே மேசையைச் சுற்றி வந்து சாப்பாடு பரிமாறுகிறாள். அவள் அங்கே நிற்பதாகவே யாரும் நினைக்கவில்லை. அந்தக் காட்சியைப் பற்றித்தான் அக்கா சொன்னார்:

"எம் மக கொழும்புல ஒரு வீட்டுல ஆறு வருசம் இருந்தா. மேசையில என்ன பேசுனாலும் காதுல விழாத மாதிரி நிக்கணுமாம். தோட்டத்து ஆளுங்களப் பத்தி அவ முன்னுக்கே பேசிச் சிரிப்பாங்களாம். தீவாளிக்கு வந்தப்ப அதச் சொல்லித்தான் அழுதா. அடிச்சாங்கன்னு அவ ஒரு நாளும் சொன்னதில்ல."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நமது லயங்களில் கொழும்புக்குப் பிள்ளையை அனுப்பாத லயம் எது? அந்தப் பிள்ளைகளைப் பற்றி நமது சங்கக் கூட்டத்தில் எப்போதாவது பேசியிருக்கிறோமா?

அதற்குப் பிறகுதான் இன்னொரு தங்கச்சி அந்தக் கேள்வியைக் கேட்டார். "மாஸ்டர், நடந்து நடந்து கால் புண்ணானது ஒடெஸ்ஸாவுக்கு. கதையச் சொல்றது மட்டும் ஏன் அந்த வெள்ளக்கார வீட்டு மக?"

சரியான கேள்வி. படம் முழுக்க மிரியத்தின் மகள் வளர்ந்த பிறகு பழைய நாட்களை நினைத்துச் சொல்வதாகவே கதை வருகிறது. ஒடெஸ்ஸாவுக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களில் ஒருவர் சொல்லியிருக்கலாம். படம் எடுத்தவர்களுக்கு அது தோன்றவில்லை. நல்ல துரைசாணி வேண்டும் என்று சொன்ன ஐயாவுக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. மிரியம் காரை வெளியே எடுத்தது ஒடெஸ்ஸா நடக்கத் தொடங்கிய பிறகு. ஊரெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்காமல் இருந்திருந்தால், எந்தத் துரைசாணிக்கும் மனம் மாறவேண்டிய தேவை வந்திருக்காது.

அந்தத் தங்கச்சியின் கேள்வியைப் படத்தோடு விட்டுவிட எங்களால் முடியவில்லை. உண்மைச் சரித்திரத்திலும் இதே கதைதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பெண்கள் தொடங்கிய போராட்டம்

ரோசா பார்க்ஸ் என்றால், வேலை முடிந்து களைத்துப்போய் எழும்ப முடியாமல் உட்கார்ந்துவிட்ட தையல்காரப் பெண் என்று பள்ளிப் புத்தகங்களில் எழுதுவார்கள். அவர் துணிக்கடை ஒன்றில் தையல் வேலை செய்தது உண்மை. ஆனால் அவர் 1943 முதல் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் ஊர்க் கிளையில் செயலாளராக வேலை செய்தவர். கைதாவதற்குச் சில மாதங்களுக்கு முன் டெனசி மாநிலத்தின் ஹைலாண்டர் பள்ளிக்குப் போய்ப் பயிற்சி பெற்றவர். 1930களில் தொழிற்சங்க அமைப்பாளர்களைப் பயிற்றுவித்த பள்ளி அது. பன்னிரண்டு வருடம் கடிதம் எழுதி, முறைப்பாடு பதிந்து, கூட்டக் குறிப்பு எடுத்த ஒருவர்தான் அன்று எழும்ப மறுத்தார்.

அவருக்கும் முன்னால், அதே வருடம் மார்ச் மாதம், குளோடெட் கொல்வின் என்ற 15 வயதுப் பள்ளி மாணவி அதே ஊர் பஸ்ஸில் எழும்ப மறுத்துக் கைதானாள். பஸ் பிரிவினையை உடைத்த வழக்கில் வாதிகளாகப் பெயர் கொடுத்து நின்றவர்கள் நான்கு பெண்கள். கொல்வின் அவர்களில் ஒருத்தி.

ரோசா பார்க்ஸ் கைதான இரவு என்ன நடந்தது? ஜோ ஆன் ரொபின்சன் என்ற ஆசிரியை, தான் படிப்பிக்கும் அரச கல்லூரிக்கு நள்ளிரவில் போனார். சக ஆசிரியர் ஒருவரையும் மாணவர்கள் இருவரையும் துணைக்கு வைத்துக்கொண்டு, கல்லூரியின் ரோனியோ இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டுப் பிரசுரங்களை விடியும்வரை அடித்தார். திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறாதீர்கள் என்பதே செய்தி. மறுநாள் அது பள்ளிகள், கடைகள், சலூன்கள் எங்கும் போய்ச் சேர்ந்தது. அவர் தலைமை வகித்த பெண்கள் அரசியல் மன்றம் அதற்கு ஒன்றரை வருடம் முன்பே, 1954 மே மாதத்தில், பஸ் புறக்கணிப்பு வரும் என்று நகர முதல்வருக்குக் கடிதம் எழுதி எச்சரித்திருந்தது. அரச சம்பளம் வாங்கும் ஆசிரியர் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது எங்களைப் போன்றவர்களுக்கு நன்றாக விளங்கும்.

ரோசா பார்க்ஸைப் பிணையில் எடுக்க முன்னின்றவர் ஈ.டி. நிக்சன். அவர் ரயில் பெட்டிகளில் பயணிகளுக்குப் படுக்கை விரிக்கும் தொழிலாளி, அந்தத் தொழிலாளர் சங்கத்தின் ஊர்க் கிளைத் தலைவர். 1925இல் தொடங்கிய அந்தச் சங்கம் கம்பெனியோடு முதல் ஒப்பந்தம் செய்ய 1937வரை காத்திருந்தது. பொறுமையாகப் போராடுவது எப்படி என்று நிக்சனுக்குத் தெரிந்ததற்கு அந்த 12 வருடமும் ஒரு காரணம்.

பிறகு 381 நாள். அன்று மொன்ட்கொமரியில் வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெள்ளையர் வீட்டு வேலைக்காரிகள். அமெரிக்காவில் 1935இல் சங்கம் சேரும் உரிமைச் சட்டமும், 1938இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் வந்தபோது, வீட்டு வேலைக்காரரையும் தோட்ட, வயல் தொழிலாளரையும் வெளியே விட்டுவிட்டார்கள். எந்தச் சட்டமும் காப்பாற்றாத அந்தப் பெண்கள்தான் மழையிலும் குளிரிலும் நடந்தார்கள். நடக்க முடியாதவர்களுக்காகச் சுமார் 300 கார்கள் ஓடின. அவற்றுக்குப் பெற்றோல் அடிக்கக் காசு வேண்டும். ஜோர்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண், மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு கோழிப் பொரியலும் கேக்கும் செய்து விற்று, அந்தக் காசை ஒவ்வொரு கூட்டத்திலும் கொண்டுவந்து கொடுத்தார். 'எங்கிருந்தோ வந்த கழகம்' என்று தங்கள் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 'எங்கிருந்தோ' என்று சொல்லலாம், கொடுத்தவரின் வேலை தப்பும். நீதிமன்றத்தில் போராட்டத்தின் பக்கம் சாட்சி சொன்னதால் கில்மோரின் வேலை போனது. அவர் தன் வீட்டிலேயே சமைத்து விற்றுப் பிழைத்தார்.

இவ்வளவும் பெண்கள் செய்தது. மேடை யாருடையது? டிசம்பர் 5ஆம் திகதி இரவு, ஹோல்ட் வீதித் தேவாலயத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். புதிய சங்கத்தின் தலைவர் 26 வயதுப் போதகர் மார்ட்டின் லூதர் கிங். அவர் பேசினார். மற்றப் போதகர்கள் பேசினார்கள். ரோசா பார்க்ஸை எழும்பி நிற்கச் சொல்லிக் கூட்டத்துக்கு அறிமுகப்படுத்தினார்கள். அவர் பேசவில்லை. யாருடைய கைதுக்காக ஊர் கூடியதோ, அவருடைய குரல் அன்று அந்தக் கூட்டத்தில் கேட்கவில்லை.

கிங் பெரிய தலைவர். அவர் வீட்டுக்குக் குண்டு வைத்தார்கள், வழக்குப் போட்டார்கள், அவர் அசையவில்லை. அவரைக் குறைத்துப் பேச எங்களுக்கு நோக்கம் இல்லை. ஆனால் ஒரு தலைவர் வந்து மக்களை எழுப்பினார் என்று கதை சொன்னால் அது பாதிக் கதை. மக்கள், அதிலும் பெண்கள், ஏற்கனவே எழும்பியிருந்த இடத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். மீதிப் பாதியைச் சொல்ல ஜோ ஆன் ரொபின்சனுக்கு 1987வரை காலம் பிடித்தது. மொன்ட்கொமரி பஸ் புறக்கணிப்பையும் அதைத் தொடங்கிய பெண்களையும் பற்றி அந்த வருடம் அவர் புத்தகம் வெளியிட்டார்.

நம் பக்கம் பார்ப்போம்

அன்று மாலை நமது வாசிகசாலையில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள்? முன்வரிசைக் கதிரைகளில் ஆண்கள். பின்னால் பாயில் பெண்கள். பாதிப் பேர் சோறு ஆக்கிவிட்டுப் பிந்தி வந்தவர்கள். பிள்ளை அழுதால் எழும்பி வெளியே போனதும் அவர்கள்தான். ஏற்பாடு செய்தவர்கள் நாங்கள். கதிரையை அப்படிப் போட்டதும் நாங்கள். கறுப்பினத்தவர் பின்னால் உட்காருவதைப் பற்றிப் படம் காட்டிய எங்களுக்கு, அது அந்தத் தங்கச்சி கேட்கும்வரை கண்ணில் படவில்லை.

நமது தோட்டத்தில் சம்பளத்தில் சந்தா வெட்டப்படுகிறவர்களில் அதிகம் பேர் கொழுந்து எடுக்கும் பெண்கள். தலைவர் ஆண், செயலாளர் ஆண், பொருளாளர் ஆண். மாதர் தலைவி என்று ஒரு பதவி இருக்கிறது. மே தினத்துக்குப் பெண்களைத் திரட்டவும், விருந்தாளி வந்தால் மாலை போடவும் அவரைத் தேடுகிறோம்.

இதனால் வந்த நட்டத்தையும் சொல்ல வேண்டும். போன வருடம் கொழுந்து நிறுக்கும்போது கிலோ வெட்டுவதைப் பற்றிப் பேச ஐந்து பேர் துரையிடம் போனோம். ஐவரும் ஆண்கள். எங்களில் ஒருவரும் கூடை தூக்கிக் கொழுந்து எடுப்பவர் இல்லை. எந்த மலையில், எத்தனையாவது நிறுவையில், ஈரத்துக்கு எவ்வளவு, சாக்குக்கு எவ்வளவு என்று துரை கேட்டார். எங்களிடம் சரியான பதில் இல்லை. விசாரித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அந்தக் கேள்விகளுக்கு விரல்விட்டுப் பதில் சொல்லக்கூடியவர்கள் அந்த நேரம் மலையில் நின்றார்கள். அவர்களில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போக எங்களுக்குத் தோன்றவில்லை.

நமது சரித்திரத்திலும் இந்த மறதி உண்டு. 1931இல் தோட்டத் தொழிலாளருக்குத் தொழிற்சங்கம் கட்டிய நடேசய்யரைப் பற்றி மேடைகளில் பேசுகிறோம். அவரோடு தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர் துயரைப் பாட்டாகக் கட்டிப் பாடி, அந்தப் பாட்டுகளை அச்சிட்டும் பரப்பியவர் அவர் மனைவி மீனாட்சியம்மாள். அவர் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? பாடம் சொல்லிக் கொடுக்கிற எங்களுக்கும் அந்தக் குற்றத்தில் பங்கு உண்டு.

இதைக் கமிட்டியில் பேசியபோது மூன்று பதில்கள் வந்தன. பெண்களுக்கு நேரமில்லை என்றார்கள். உண்மைதான். விடிய முன் எழும்பி, மலைக்குப் போய், வந்து சமைப்பவருக்கு இரவு ஏழு மணிக் கூட்டத்துக்கு நேரம் இருக்காது. அப்படியானால் கூட்டத்தின் நேரத்தை மாற்ற வேண்டும். பெண்கள் பேசப் பயப்படுகிறார்கள் என்றார்கள். நிறுவை மடுவத்தில் கணக்கப்பிள்ளையோடு அவர்கள் பேசுவதைக் கேட்டவர் இதைச் சொல்லமாட்டார். மூன்றாவது, பெண்களே பெண்களுக்கு வாக்குப் போடமாட்டார்கள் என்பது. பெயர் கொடுத்துப் பார்க்காமல் அதை எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு மூத்த தோழர் வேறொன்று சொன்னார். சங்கம் பலவீனமாக இருக்கும் நேரத்தில் உள்ளுக்குள் இந்தப் பிரச்சினையைக் கிளப்பலாமா, முதலில் சம்பளத்தைப் பார்ப்போம் என்றார். அவர் கவலையை மதிக்கிறோம். ஆனால் சங்கம் பலவீனமானது ஏன் என்று யோசிக்க வேண்டும். சந்தா கட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு, இது தங்கள் சங்கம் என்ற எண்ணம் வராத இடத்தில் பலம் எங்கிருந்து வரும்? 1984வரை நமது பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த நாட்சம்பளமே கொடுக்கப்பட்டது. அதை மாற்றியபோது சங்கங்கள் உடைந்து போகவில்லை. மொன்ட்கொமரியிலும் சமையல்காரப் பெண்கள் சேர்த்த காசும் ஆசிரியை அடித்த துண்டுப் பிரசுரமும் போராட்டத்தைத் தாங்கி நின்றன.

ஆகவே வரப்போகும் தோட்டக் கமிட்டித் தெரிவுக்கு எங்கள் யோசனைகளை உறுப்பினர்கள் முன் வைக்கிறோம். கமிட்டியில் பாதி இடம் பெண்களுக்கு. தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றில் ஒன்றாவது பெண்ணிடம். மாதாந்தக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பகலில். நிறுவை, கிலோ, மலை வேலை பற்றித் துரையிடமோ தொழில் காரியாலயத்துக்கோ போகும் எந்தக் குழுவிலும் கொழுந்து எடுக்கும் இருவர் கட்டாயம். கொழும்பில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளின் பெயர், இருக்கும் இடம், சம்பளம் ஆகியவற்றைப் பெற்றோர் சம்மதத்தோடு எழுதி வைக்க ஒரு கொப்பி. அந்தக் கொப்பியை வைத்திருக்கும் பொறுப்பை, அன்று தன் மகளைப் பற்றிப் பேசிய அக்கா ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

இவை பெரிய கோரிக்கைகள் இல்லை. மொன்ட்கொமரி மக்களும் முதலில் கேட்டது கொஞ்சம்தான். மரியாதையாக நடத்துங்கள், முதலில் வந்தவருக்கு முதலில் இடம் கொடுங்கள், எங்கள் பகுதிப் பாதைகளில் எங்கள் ஆட்களையும் சாரதிகளாகச் சேருங்கள் என்றார்கள். பிரிவினையை முழுதாக ஒழிக்கும்படி அன்று கேட்கவில்லை. அந்தக் கொஞ்சத்தையும் நகரம் மறுத்தது. அதனால்தான் வழக்கு முழு உரிமைக்காகப் போனது. நம் சங்கத்துக்குள் அப்படி மறுக்கும் நிலை வராது என்று நம்புகிறோம்.

அடுத்த மாதமும் ஒரு படம் காட்டுகிறோம். பகல் இரண்டு மணிக்கு. பாய்கள் முன்னால் விரிக்கப்படும். பிளேன்டீ ஊற்றுவதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் அன்று ஆண்களின் வேலை. படம் முடிந்ததும் முதல் அரை மணி நேரம் பெண்கள் பேசுவார்கள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்போம்.